காசிக்குப் போன மாப்பிள்ளை

நந்தியால் தாண்டி ஒரு பெட்ரோல் பங்க்
13-2-2024

சுகாசினி அவர்களுக்கு,

முதலில் ‘அன்புள்ள’ என்று எழுதினேன். எந்த முகத்தோடு அப்படி எழுதுவது என்று தோன்றியது, அடித்துவிட்டேன். அந்தக் கிறுக்கலைப் பொருட்படுத்த வேண்டாம். நலமா என்று கேட்க எனக்கு வாயில்லை. நான் நலமாகத்தான் இருக்கிறேன், அதைச் சொல்லவும் வெட்கமாக இருக்கிறது.

நம் கல்யாணத்தன்று காலையில் நடந்ததை எனக்குத் தெரிந்தவரை எழுதிவிடுகிறேன். பிறகு நீங்கள் கிழித்துப் போட்டாலும் சரி.

தாலி கட்டுவதற்கு முன்னால் மாப்பிள்ளை கோபித்துக்கொண்டு காசிக்குக் கிளம்ப வேண்டும், பெண் வீட்டார் வழிமறித்துத் தேங்காய் கொடுத்து, ‘எங்க பொண்ணைக் கட்டிக்குங்க’ என்று திருப்பி அழைத்து வர வேண்டும். உங்களுக்குத் தெரியாத சடங்கா? நமக்கு எல்லாம் விளையாட்டுதான். பஞ்சகச்சம் கட்டி, குடை, விசிறி, கைத்தடி எல்லாம் கொடுத்து, தோளில் அரிசி முடிச்சையும் மாட்டிவிட்டார்கள். “யார் கேட்டாலும் காசிக்குப் போறேன்னு சொல்லணும், சிரிச்சிடாதே” என்றார் புரோகிதர். பிறர் சொன்னதைச் செய்கிறவன் நான் என்று உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

வாசலில் வீடியோக்காரர் எல்லோரையும் நிறுத்திவிட்டார். “மாப்ள மட்டும் தனியா தெருமுனை வரைக்கும் நடந்து போட்டும். ட்ரோன் ஷாட். வேற யாரும் ஃபிரேம்ல வராதீங்க” என்றார். நடந்தேன். முனையில் போய் நின்றேன். அழைக்க யாராவது வருவார்கள் என்று நின்றுகொண்டே இருந்தேன். யாரும் வரவில்லை.

அங்கே ஒரு பஸ் நின்றுகொண்டிருந்தது. முன்னால் ‘காசி யாத்திரை’ என்று பேனர். படியில் நின்றவர் என் குடையையும் தடியையும் பார்த்துவிட்டு, “இன்னாப்பா இவ்ளோ லேட்டு? காசிக்குத்தானே?” என்றார். நான் புரோகிதர் சொன்னபடி, “ஆமா, காசிக்குப் போறேன்” என்றேன். “அப்ப ஏறு, உனக்காகத்தான் வெயிட் பண்ணிக்கினு இருக்கோம்” என்றார். ஏறிவிட்டேன்.

நீங்கள் நம்ப மாட்டீர்கள். நானே பாதிதான் நம்புகிறேன்.

திருத்தணியில்தான் அவர்களுக்கு விஷயம் தெரிந்தது. வர வேண்டிய சின்னப்பையன் என்பவர் உடம்பு சரியில்லாமல் வீட்டிலேயே படுத்துவிட்டாராம். பஸ்காரர் பெயர் விமல்ராஜ். “ஐயையோ, மாப்ளையா நீ? எறங்குப்பா சாமி, எங்க மேல கேஸ் போட்ருவாங்க” என்று கையெடுத்துக் கும்பிட்டார். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் இறங்கச் சொன்னார்கள். நான் இறங்கவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏன் என்று கேட்காதீர்கள் என்றுதான் எழுத வந்தேன். ஆனால் யாராவது கேட்டால்தான் எனக்கும் தெரியும் போல இருக்கிறது.

விமல்ராஜின் போனில் அப்பாவைக் கூப்பிட்டேன். “நீ எனக்குப் புள்ளையே இல்ல” என்று வைத்துவிட்டார். உங்கள் நம்பர் என் போனில்தான் இருக்கிறது, போன் மண்டபத்தில் அக்காவின் பையில் இருக்கிறது. உங்கள் விலாசம் மட்டும் பத்திரிகையில் பார்த்துப் பார்த்து மனப்பாடம்.

பத்தொன்பதாம் தேதிவாக்கில் காசிக்குப் போய்ச் சேருவோம். ஹனுமான் காட் பக்கம் ஒரு சத்திரத்தில் தங்குகிறோம், விலாசம் பின்பக்கம். பதில் எழுத வேண்டும் என்று கட்டாயம் இல்லை. திட்டியாவது எழுதினால் நல்லது.

மன்னிப்பு என்ற சொல்லை இங்கே எழுதத் துணிவில்லாத,
பரசுராமன்


பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்
19-2-2024

திரு. பரசுராமன் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. கல்யாண வாழ்த்து என்று நினைத்துப் போஸ்ட்மேன் சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டுப் போனார்.

திட்டச் சொல்லியிருக்கிறீர்கள். திட்டுவதற்கு ஆள் பஞ்சமில்லை, என் தம்பி கமல் விடியற்காலையில் ஆரம்பித்துவிடுகிறான். நான் இந்தப் பக்கம் நடந்ததை எழுதுகிறேன், அது உங்களுக்குத் தெரியாது.

நான் மணப்பெண் அறையில் தலையில் பாதிப் பூவோடு உட்கார்ந்திருந்தேன். “சார், மாப்ள பஸ்ல ஏறிட்டாரு!” என்று வீடியோக்காரர் கத்தினார். முதலில் எல்லோரும் சிரித்தார்கள். நடிப்பு நன்றாக இருக்கிறது என்று உங்கள் பெரியப்பா கைதட்டினாராம். பஸ் போய்விட்டது. வீடியோக்காரர் பதறியதில் ட்ரோன் வேப்பமரத்தில் மாட்டிக்கொண்டது, பாதிக் கூட்டம் அதை எடுக்கப் போய்விட்டது. மீதிக் கூட்டம், ஏதோ மறந்துவிட்டு எடுக்க வீட்டுக்குப் போயிருக்கிறார் என்று முடிவு கட்டி, உங்கள் அப்பாவை ஐயம்பேட்டைக்கு அனுப்பியது. அவர் பூட்டிய வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்து ‘பரசு பரசு’ என்று கூப்பிட்டிருக்கிறார்.

அழைக்க யாரும் வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள் அல்லவா? எங்கள் குடும்பத்தில் மைத்துனன்தான் போக வேண்டும். உங்கள் குடும்பத்தில் மாமனார் போவாராம், உங்கள் அத்தை முந்தின நாளே எங்கள் அப்பாவிடம் சொல்லி வைத்திருக்கிறார். அப்பா போவார் என்று கமல் தேங்காயோடு நின்றான். கமல் போவான் என்று அப்பா வெற்றிலைத் தட்டோடு நின்றார். இருவரும் ஒரே தூணுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். இதைவிடக் கேவலமாக ஒரு கல்யாணம் நிற்க முடியுமா சொல்லுங்கள். தாலி ஏறவில்லை, பந்தி மட்டும் குறைவில்லாமல் நடந்தது.

இப்போது என் கேள்வி. ட்ரோன் எடுத்த வீடியோவை நான் பார்த்தேன். எத்தனை முறை பார்த்தேன் என்பது உங்களுக்கு வேண்டாம். மேலிருந்து பார்த்தால் குடைதான் தெரிகிறது. குடை திரும்பி மண்டபத்தைப் பார்க்கிறது. அப்புறம் பஸ் பக்கம் போகிறது. விமல்ராஜ் என்கிறீர்களே, அவர் உங்கள் கையைப் பிடித்து இழுக்கவில்லை. நீங்களே குடையை மடக்கி, நீங்களே காலைத் தூக்கிப் படியில் வைத்தீர்கள்.

என்னிடமிருந்து ஓடினீர்களா?

இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள். கமலிடம் பஸ்காரர் நம்பர் இருக்கிறது, நான் கூப்பிடவில்லை, நீங்களும் கூப்பிட வேண்டாம். நிச்சயதார்த்தம் முடிந்து இத்தனை மாதம் போனில் பேசினோம். ‘ம்’, ‘சரிங்க’, ‘சாப்டீங்களா’ தவிர வேறு ஏதாவது சொல்லியிருக்கிறீர்களா? ஊமை ஊரைக் கெடுக்கும் என்பார்கள், சரியாகத்தான் சொன்னார்கள். உங்கள் கடிதத்தில்தான் முதல்முறையாக முழு வாக்கியங்களைப் பார்க்கிறேன். அதனால் எழுத்தில்தான் வேண்டும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். அன்று மாலையைக் கழற்றி வைத்துவிட்டுப் படுத்தவள் மறுநாள் வெயில் ஏறும்வரை தூங்கினேன். அம்மா பயந்துபோய் மூக்கில் கை வைத்துப் பார்த்தாள். அழுதிருக்க வேண்டியவள் ஏன் அப்படித் தூங்கினேன் என்று எனக்குப் புரியவில்லை. இதை யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம் ஏன் சொல்கிறேன் என்பதும் புரியவில்லை.

சுகாசினி


காசி
26-2-2024

அன்புள்ள சுகாசினிக்கு,

இந்த முறை அடிக்கவில்லை.

உங்கள் கடிதத்தைச் சத்திரத்துக்காரர் சமையலறையில் கொண்டுவந்து கொடுத்தார். பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். காசு இல்லாத யாத்ரீகன் நான், காய் நறுக்கித்தான் வயிறு வளர்க்கிறேன். கையைத் துடைத்துக்கொண்டு படித்தேன். தூணுக்கு இரண்டு பக்கமும் நின்றார்கள் என்ற இடத்தில் சிரித்துவிட்டேன். அடுத்த வரியில் சிரிப்பு நின்றுவிட்டது.

ஓடினேனா? இல்லை என்று எழுதினால் சுலபம், உங்களுக்கும் எனக்கும். ஆனால் அது உண்மையா என்று தெரியாமல் எழுதக் கூடாது என்று மூன்று தாளைக் கிழித்துவிட்டேன். உங்களை எனக்குத் தெரியாது சுகாசினி. பெண் பார்க்க வந்தபோது, “காபில சக்கரை போதுமா?” என்று கேட்டீர்கள். ‘ம்’ என்றேன். உண்மையில் சர்க்கரையே போடவில்லை. தெரியாத ஒருவரிடமிருந்து எப்படி ஓடுவது?

படி என்றார்கள், படித்தேன். பட்டுக் கடையில் கம்ப்யூட்டரில் பார்டர் டிசைன் போடச் சேர்த்துவிட்டார்கள், போட்டுக்கொண்டிருக்கிறேன். மயில் போடு என்றால் மயில், யானை என்றால் யானை. பெண் பிடித்திருக்கிறதா என்று கேட்டார்கள், தலை ஆடியது. என் தலை என்னைக் கேட்காமலே ஆடும். அன்று தெருமுனையில் நின்றபோது அடுத்து என்ன செய்வது என்று சொல்ல ஒருவரும் இல்லை. அப்படி ஒரு நேரம் என் வாழ்க்கையில் அதற்கு முன் வந்ததே இல்லை. பயத்தில் வியர்த்துவிட்டது. அப்போது விமல்ராஜ் ‘ஏறு’ என்றார். அப்பாடா, சொல்ல ஒருவர் வந்தார் என்றுதான் ஏறினேன். பாருங்கள், ஓடிப்போனது கூட ஒருவர் சொல்லித்தான்! வீட்டை விட்டு ஓடுகிறவனுக்கு ஒரு கெத்து வேண்டாமா?

ஆனால் திருத்தணியில் இறங்காதது மட்டும் நானே செய்தது. அங்கே எல்லோரும் இறங்கு என்றார்கள். அதையே பிடித்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருக்கிறேன். எதற்காக இறங்கவில்லை என்று கேட்டால் இன்னும் தெரியவில்லை.

பஸ்ஸில் பட்டம்மாள் என்று ஒருவர், கூரத்துக்காரர். எனக்குப் பக்கத்து சீட். முதல் நாள் முழுக்க, “காசிக்குப் போனாலும் கர்மம் தொலையாதுப்பா, அந்தப் பொண்ணு வயித்தெரிச்சலைக் கொட்டிக்கினு வந்துக்கிறியே” என்று இடித்துக்கொண்டே வந்தார். அதற்குப் பிறகு எனக்கு முறுக்கு கொடுக்க ஆரம்பித்தார், இடிப்பதையும் விடவில்லை. நாக்பூருக்கு அப்பால் ஒரு சந்தையில் டீ குடிக்க நிறுத்தினார்கள். எல்லோரும் ஏறிவிட்டோம், பட்டம்மாளைக் காணோம். விமல்ராஜ் தேடிவிட்டு வந்து, “டைம் ஆயிடுச்சு, போலீஸ்ல சொல்லிட்டுப் போலாம், ரயில்ல ஏத்தி விட்ருவாங்க” என்றார். பஸ்ஸில் எல்லோரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

நான் இறங்கிப் போய் பஸ்ஸுக்கு முன்னால் நின்றேன். “அந்தம்மா வராம வண்டி நவுராது” என்றேன். அது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். விமல்ராஜ் கத்தினார், நானும் கத்தினேன். எனக்குக் கத்த வரும் என்பது எனக்கு அதுவரை தெரியாது. ஆனாலும் நகரவில்லை. கடைசியில் எல்லோரும் இறங்கித் தேடினோம். பட்டம்மாள் சந்தைக்குப் பின்னால் ஒரு வளையல்காரம்மா வீட்டு வாசலில் சப்பாத்தி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்த அம்மாவுக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது, இவருக்கு அந்த ஊர் பாஷை தெரியாது. இரண்டு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கிறார்கள். “இன்னாமா இவ்ளோ நேரம் பேசினீங்க?” என்று கேட்டேன். “மருமவளைப் பத்தித்தான். மருமவ கதைக்குப் பாஷை எதுக்குப்பா?” என்றார்.

காசியைப் பற்றிக் கேட்பீர்கள். காசியில் ஞானம் வரும் என்று பார்த்தேன், வயிற்றுப்போக்குதான் வந்தது. கங்கை பெரிதாக இருக்கிறது, என்னிடம் அது ஒன்றும் சொல்லவில்லை. பட்டம்மாளுக்குத் தண்ணீர் என்றால் பயம், இத்தனை தூரம் வந்துவிட்டு இறங்க மாட்டேன் என்று படியிலேயே உட்கார்ந்துவிட்டார். எனக்கும் நீச்சல் தெரியாது. ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு முழங்கால் வரை இறங்கி, அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டு ஓடிவந்துவிட்டோம். பாவம் முழங்காலுக்குக் கீழேதான் போயிருக்கும்.

ஒன்றை மட்டும் நிச்சயமாகச் சொல்கிறேன். எதைப் பார்த்தாலும், இதைச் சுகாசினிக்கு எழுத வேண்டும் என்று தோன்றுகிறது. படகு, மாடு, சந்தில் விற்கும் மண் சட்டித் தயிர், எல்லாவற்றையும் மனசுக்குள் உங்களிடம் சொல்லிக்கொண்டுதான் நடக்கிறேன். கல்யாணத்தை விட்டுவிட்டு வந்தவன் இப்படி எழுதுவது உங்களுக்குக் கோபத்தைக் கிளப்பும். எனக்கும் குழப்பமாகத்தான் இருக்கிறது. பக்கத்தில் இருந்தபோது இல்லாதது இவ்வளவு தூரம் வந்தபிறகு எப்படி வந்தது?

பஸ் நாளை கயாவுக்குப் போகிறது. பட்டம்மாள் என்னையும் வரச் சொல்லி அழுகிறார். நான் இங்கேயே நிற்கிறேன், உங்கள் பதில் இங்கேதான் வரும்.

என்றும் என்று எழுத உரிமை இல்லாத,
பரசுராமன்


காஞ்சிபுரம்
4-3-2024

அன்புள்ள பரசுராமனுக்கு,

உங்கள் கடிதத்தை ஏனாத்தூர் போகும் பஸ்ஸில் படித்தேன். வீட்டில் படித்தால் கமல் தோளுக்கு மேலே எட்டிப் பார்க்கிறான். கல்லூரி ஆபீசில் என்னோடு வேலை பார்க்கும் தீபிகா, “இன்னா, அந்த ஆளு லெட்டரா? இவ்ளோ சிரிக்கிற?” என்றாள். நான் சிரித்ததை நான் கவனிக்கவில்லை. கோபமாகத்தான் இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு எனக்கு என்மேல்தான் சந்தேகம் வந்தது. என்னையும் பிடித்திருக்கிறதா என்று கேட்டார்கள். ‘உங்க இஷ்டம்’ என்றேன். அதற்குப் பேர் அடக்கம் என்று மெச்சினார்கள். நீங்களாவது தெருமுனை வரை போனீர்கள். நான் அறையிலேயே இருந்தேன்.

இங்கே நிலவரம் சொல்கிறேன். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? பால் வாங்கப் போனால், “மாப்ள காசில எந்த மடத்துல சேந்துட்டாராம்?” என்கிறார்கள். போன சனிக்கிழமை ஆபீஸ் முடிந்து வெளியே வந்தபோது வீட்டுக்குப் போகவே பிடிக்கவில்லை. எந்த ஊர் என்று போர்டைப் பார்க்காமல் வந்த பஸ்ஸில் ஏறினேன். எனக்கு அது பெரிய விஷயம், நீங்கள் சிரிக்கக் கூடாது. கண்டக்டர் “எங்கம்மா?” என்றபோது விழித்தேன். முன்னால் இருந்தவர் “கூரம்” என்றார், நானும் கூரம் என்றேன். பட்டம்மாள் ஊர் என்று உங்கள் கடிதத்தில் படித்திருந்த பெயர், அதனால் வாயில் வந்துவிட்டதோ என்னவோ.

அங்கே கோயில் பக்கம் மல்லாட்டை விற்கிற ஒரு அம்மாவிடம் ஒரு பொட்டலம் கடலை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். யாருக்கும் என்னைத் தெரியவில்லை. எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று உங்களுக்குத்தான் புரியும். கொஞ்ச நேரத்தில் அந்த அம்மா வழக்கமான கேள்வியைக் கேட்டாள். “கல்யாணம் ஆயிடுச்சாமா?”

“மாப்ள காசிக்குப் போயிருக்காரு” என்றேன்.

விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, “எப்ப வராராம்?” என்றாள்.

“வந்துடுவாரு” என்று சொல்லிவிட்டேன். யோசிக்காமல் வந்த வார்த்தை. வீடு வரும்வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். மணக்கோலத்தில் விட்டுவிட்டுப் போன ஆளுக்கு நான் ஏன் காத்திருக்கிறேன்? எனக்கு ரோஷம் இல்லையா? இருக்கிறது. இருந்தும் போஸ்ட்மேன் சைக்கிள் சத்தம் கேட்டால் காது அங்கே போகிறது. வெட்கத்தை விட்டு எழுதிவிட்டேன்.

உங்கள் அப்பா துரைக்கண்ணு நேற்று பழத்தட்டோடு வந்தார். எங்கள் அப்பா காலில் விழப் போனார், பார்க்கப் பாவமாக இருந்தது. பங்குனியிலேயே சின்னதாகக் கோயிலில் முடித்துவிடலாம் என்கிறார். பெரியவர்கள் எல்லோருக்கும் சம்மதம். உங்களைத் தேடி ஆள் அனுப்பக்கூடத் தயார்.

யாரும் வந்து அழைக்க வேண்டாம். வருவதானால் நீங்களாக வாருங்கள். வந்து, எல்லோர் முன்னாலும், என்ன வேண்டும் என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். வேண்டாம் என்றாலும் சரி, அதையும் நான் தாங்கிக்கொள்வேன். ‘ம்’ மட்டும் வேண்டாம்.

கோபம் முழுசாகப் போகாத,
சுகாசினி


காசி
9-3-2024

அன்புள்ள சுகாசினிக்கு,

சிவராத்திரிக் கூட்டத்தில் இங்கே நகரவே இடம் இல்லை. வருகிறேன். நம் ஊர்ப்பக்கம் திரும்பும் ஒரு கூட்டத்தோடு சத்திரத்துச் சமையல்காரர் எனக்கு ரயிலில் இடம் பிடித்துக் கொடுத்திருக்கிறார். இந்தத் தபால் அட்டைக்கு முன்னால் நானே வந்து சேர்ந்துவிடலாம். என்ன சொல்ல வேண்டும் என்று ரயிலில் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொள்வேன்.

பரசுராமன்


காஞ்சிபுரம்
18-3-2024

பரசுராமனுக்கு,

உங்கள் காசி அட்டை இன்று காலையில்தான் வந்தது. ரயிலில் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொள்வேன் என்ற வரியில் அழுதுவிட்டேன், நேற்றைக்கு முன்னால் வந்திருந்தால் சிரித்திருப்பேன்.

எட்டிப் பிடிக்கும் தூரத்தில் ஐயம்பேட்டையில் இருக்கிறீர்கள், ஷேர் ஆட்டோ ஏறினால் வந்துவிடலாம். இருந்தாலும் கடிதம்தான் எழுதுகிறேன். நேற்று எங்கள் வீட்டுக் கூடத்தில் உங்கள் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தீர்கள். முகம் கறுத்து, கன்னம் ஒட்டிப் போயிருந்தது. நான் கதவுக்குப் பக்கத்தில் நின்றேன். என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பில், கடிதம் எழுதினவர் இவர்தான் என்று எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

உங்கள் அப்பா கேட்டார், “இன்னா பரசு, பங்குனில வெச்சிக்கலாமா?”

“உங்க இஷ்டம்பா” என்றீர்கள்.

கூடத்தில் எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். கமல்கூட உங்கள் தோளைத் தட்டினான். நான் உள்ளே போய்விட்டேன். பட்டம்மாளுக்காகப் பஸ்ஸுக்கு முன்னால் நின்றீர்கள். என் விஷயத்தில் ஒரு வாக்கியம் வரவில்லை. போகும்போது என்னைப் பார்த்த பார்வையில் தெரிந்தது, உங்களுக்கும் புரிந்துவிட்டது. அதனால் திட்டவில்லை. எங்கேயோ ஒரு சந்தையில் வருகிற குரல் சொந்த வீட்டுக் கூடத்தில் வராமல் போவது எப்படி என்று ராவெல்லாம் யோசித்தேன். எனக்கும் அப்படித்தான். கூரத்தில் அந்த அம்மாவிடம் வந்த பதில், எங்கள் அப்பாவிடம் இத்தனை நாளாக வரவில்லை.

இன்று காலையில் எனக்கும் வாய் வந்தது. பங்குனியில் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர் சாப்பிடாமல் எழுந்து போனார். அம்மா அழுதாள். 

உங்களை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதை நீங்கள் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். வேண்டும் என்றும் இன்னும் சொல்லவில்லை. கடிதத்தில் இருப்பவரோடுதான் எனக்குப் பழக்கம். அவர் ஊருக்கு வெளியில் மட்டும்தான் இருப்பாரா, இங்கேயும் வருவாரா என்று தெரியாமல் தாலிக்குக் கழுத்தை நீட்ட முடியாது.

பெரிய வெள்ளி லீவுக்குத் தீபிகாவும் அவள் அம்மாவும் நானும் கன்னியாகுமரி போகிறோம். நான் இதுவரை கடலில் சூரியன் உதிப்பதைப் பார்த்ததில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் செங்கல்பட்டில் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ், எஸ்-4. இது அழைப்பா என்று கேட்டால் எனக்கே தெரியவில்லை. உங்களுக்கு நான் டிக்கெட் எடுக்கவில்லை. எடுக்கச் சொல்லவும் மாட்டேன்.

சுகாசினி


ஐயம்பேட்டை
28-3-2024

அன்புள்ள சுகாசினிக்கு,

இதைக் கமலிடம் கொடுத்து அனுப்புகிறேன். தபாலில் போட்டால் நாளைக்குள் வராது. முறைத்துக்கொண்டேதான் ஒப்புக்கொண்டான், பிரித்துப் படித்தாலும் படிப்பான், படிக்கட்டும்.

உங்கள் கடிதம் வந்த அன்றே அப்பாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். ஒவ்வொரு நாளும் அவர் சாப்பிட உட்காரும்போது எதிரில் போய் உட்கார்ந்தேன். குழம்பு நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். நேற்றுதான் வாய் வந்தது. “பங்குனி வேணாம்பா. நான் அந்தப் பொண்ணோட முதல்ல பேசணும். கன்னியாகுமரிக்குப் போறேன்” என்றேன். அப்பா என்னையே பார்த்தார். “போன தபா சொல்லாமப் போன. இந்தத் தபா சொல்லிட்டுப் போற. எது மோசம்னு எனக்குப் புரியலைப்பா” என்றார். எனக்கும் புரியவில்லை. அவரைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை.

இன்று காலை தட்காலுக்கு உட்கார்ந்தேன். எஸ்-4 இல் கிடைக்கவில்லை. எஸ்-9, மேல் பர்த். செங்கல்பட்டில் ஏறியதும் பெட்டி பெட்டியாக நடந்து உங்களிடம் வருகிறேன். கடலைப் பார்த்த பிறகு என்ன ஆகும், நீங்கள் என்ன சொல்வீர்கள், நான் என்ன ஆவேன், ஒன்றும் தெரியவில்லை. வருகிறேன் என்பது மட்டும் தெரியும்.

தீபிகாவின் அம்மா என்னைப் பார்த்ததும், ‘யாருப்பா நீ?’ என்று கேட்பார்கள். நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம். நானே சொல்கிறேன்.

உங்கள்
பரசுராமன்